சராசரி மட்டும் போதாது: உடல் அசைவிலும் அறிவியல் ஆய்விலும் 'மாறுபாடு' ஏன் முக்கியம்?

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பொன்முடி. கல்லாறு தாண்டியதும் சாலை வளைய ஆரம்பிக்கும். 22 ஹேர்பின் வளைவுகள் ஏறினால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் மலைமுகடு வந்துவிடும். 28-வது ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை இங்கேதான் நடந்தது.

இந்தப் போட்டியின் கிராஸ் கன்ட்ரி பிரிவில், வீரர்கள் ஒரே பாதையைப் பல சுற்றுகள் சுற்றி வர வேண்டும். ஆள் அதே ஆள், சைக்கிள் அதே சைக்கிள், பாதையும் அதே பாதை. ஆனால் எந்த இரண்டு சுற்றும் ஒன்றாக இருக்காது. முன்னால் போனவரின் டயர் மண்ணைக் கிளறியிருக்கும். போன சுற்றில் தொட்ட கல்லை இந்தச் சுற்றில் இரண்டு விரற்கடை தள்ளித் தொட வேண்டியிருக்கும். தொடைத் தசை களைத்திருக்கும். அதற்கேற்ப முழங்கால், இடுப்பு, தோள், கை எல்லாமே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி அசையும். இத்தனைக்கும் நடுவே, நல்ல வீரர் ஒவ்வொரு சுற்றையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடித்துவிடுவார்.

உள்ளே எல்லாம் மாறுகிறது, வெளியே முடிவு மாறவில்லை. இது எப்படி?

இந்த 'கொஞ்சம் வேறு மாதிரி' என்பதைத்தான் அறிவியலில் மாறுபாடு என்கிறோம். நீண்ட காலம் பல துறைகளில் இது ஒரு தொந்தரவாகவே பார்க்கப்பட்டது. பல முறை அள, சராசரி எடு, மிச்சத்தைக் கழித்துவிடு என்பதே வழக்கம். ஆனால் அந்த மிச்சத்தில்தான் பல சமயம் விஷயமே இருக்கிறது. வயதான ஒருவர் விழப்போகிறாரா, மாரடைப்புக்குப் பிறகு ஒருவருக்கு ஆபத்து எவ்வளவு, ஒரு மருந்தின் அளவு எல்லோருக்கும் பொருந்துமா போன்ற கேள்விகளுக்கு சராசரி மட்டும் பதில் சொல்வதில்லை.

மாறுபாடு என்றால் என்ன?

ஒரு சின்ன கணக்கிலிருந்து தொடங்கலாம். இது கற்பனை உதாரணம்தான். இரண்டு பேர் நடக்கிறார்கள். ஒரு குதிகால் தரையைத் தொட்டு, அதே குதிகால் மறுபடி தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்று மில்லிசெகண்டில் அளக்கிறோம்.

முதல் ஆள்: 1100, 1090, 1110, 1100, 1100.
இரண்டாவது ஆள்: 1000, 1200, 1050, 1150, 1100.

இருவருக்கும் சராசரி 1100தான். ரிப்போர்ட்டில் சராசரியை மட்டும் எழுதினால் இருவரும் ஒன்று. ஆனால் முதல் ஆளின் திட்ட விலக்கம் சுமார் 7 மில்லிசெகண்ட், இரண்டாவது ஆளுக்குச் சுமார் 79. சராசரியோடு ஒப்பிட்டால் முதல் ஆளின் நடை சுமார் 0.6% மாறுகிறது, இரண்டாவது ஆளின் நடை சுமார் 7% மாறுகிறது. முதல் ஆள் நிதானமாக நடக்கிறார். இரண்டாவது ஆள் தடுமாறுகிறார். சராசரி இதை மறைத்துவிட்டது.

(திட்ட விலக்கம் என்பது வேறொன்றுமில்லை. ஒவ்வொரு அளவும் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைச் சொல்லும் எண், அவ்வளவுதான்.)

எந்த டேட்டாவிலும் மாறுபாடு மூன்று இடங்களிலிருந்து வரலாம். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. அளவிலிருந்து வருவது. கருவி, கருவியைப் பிடிக்கும் கை, அளக்கும் நேரம் ஆகியவற்றால் வரும் வித்தியாசம்.
2. ஒரே ஆளுக்குள் வருவது. உங்கள் இதயத்துடிப்பு காலையில் ஒன்று, படி ஏறியதும் ஒன்று.
3. ஆளுக்கு ஆள் வருவது. உயரம், எடை, மரபணு, பழக்கம், வாழும் இடம்.

இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டு 'இரைச்சல்' என்று பெயர் வைத்துவிட்டால் சிக்கல்தான்.

சுத்தியல் சொன்ன பாடம்

உடல் அசைவில் மாறுபாட்டை முதலில் தீவிரமாகக் கவனித்தவர்களில் ஒருவர் ரஷ்ய உடலியலாளர் நிகோலாய் பெர்ன்ஸ்டைன். 1920-களில் மாஸ்கோவின் மத்திய தொழிலாளர் ஆய்வு நிறுவனத்தில் அவர் வேலை பார்த்தார். தொழிலாளர்கள் ஒரு வேலையை மிகத் திறமையாகச் செய்ய ஒரே ஒரு சரியான அசைவு இருக்கும், அதைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் பழக்கிவிடலாம் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

பெர்ன்ஸ்டைன் தொழிலாளர்களின் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில் சின்ன பல்புகளைக் கட்டி, அவர்கள் உளியின் மேல் சுத்தியல் அடிக்கும்போது அதிவேகமாகப் படம் எடுத்தார். ஒரே வேலையை ஆயிரக்கணக்கான முறை செய்து பழகிய கைகள் அவை. ஒவ்வொரு அடியும் அச்சடித்த மாதிரி இருக்க வேண்டும் இல்லையா? இல்லை. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு பாதையில் போயின. ஆனால் சுத்தியலின் முனை மட்டும் மூட்டுகளை விடக் குறைவாக மாறி, சரியான இடத்தில் இறங்கியது.

தோள் கொஞ்சம் அதிகம் போனால் முழங்கை அதை ஈடுகட்டுகிறது. முழங்கை பிந்தினால் மணிக்கட்டு சரிசெய்கிறது. திறமை என்பது ஒரே அசைவை மனப்பாடம் செய்வதல்ல. ஒவ்வொரு முறையும் அந்தப் பிரச்சினையைப் புதிதாகத் தீர்ப்பது. பெர்ன்ஸ்டைனின் கருத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்.

இங்கிருந்து ஒரு முக்கியமான கேள்வி பிறக்கிறது. மாறுபாடு இருக்கிறதா, இல்லையா என்பது அல்ல கேள்வி. எது மாறுகிறது, அதனால் எது மாறாமல் இருக்கிறது என்பதே கேள்வி. மூட்டு மாறலாம், சுத்தியல் முனை அலையக் கூடாது. அப்படியே திருப்பிப் போட்டால், மூட்டு விறைத்து முனை அலைந்தால், அது கற்றுக்குட்டியின் கை.

அதிகமாக இருந்தால் நல்லதா, குறைவாக இருந்தால் நல்லதா?

இரண்டும் நடக்கும். நடையையும் இதயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது தெளிவாகப் புரியும்.

முதலில் நடை. நடையில் ஒவ்வோர் எட்டுக்கும் ஆகும் நேரம், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு சமதளத்தில் பொதுவாக 3 சதவீதத்துக்குள்தான் மாறும். ஜெஃப்ரி ஹவுஸ்டார்ஃப் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், 70 வயதைக் கடந்த 52 பேரின் நடையை அளந்து, ஓராண்டு அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். எல்லோரும் தாங்களாக நடமாடக்கூடியவர்கள். அந்த ஓராண்டில் விழுந்தவர்களுக்கும் விழாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் நடையின் வேகத்தில் பெரிதாகத் தெரியவில்லை. எட்டு நேரத்தின் மாறுபாட்டில் தெரிந்தது. விழுந்தவர்களிடம் அது ஏறக்குறைய இரு மடங்கு. அந்த அளவு எடுக்கப்பட்டது அவர்கள் விழுவதற்கு முன்பே என்பதுதான் இங்கே முக்கியம்.

இப்போது இதயம். "கடிகாரம் மாதிரி துடிக்குது" என்று பாராட்டுவோம். உண்மையில் ஆரோக்கியமான இதயம் கடிகாரம் மாதிரி துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் தணியும். இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் மாறிக்கொண்டே இருக்கும். நரம்பு மண்டலம் இதயத்தை நொடிக்கு நொடி சரிசெய்துகொண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது.

1987-ல் ராபர்ட் கிளைகர் குழுவினர், மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரின் 24 மணி நேர இதயப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். துடிப்பு இடைவெளியின் திட்ட விலக்கம் 50 மில்லிசெகண்டுக்குக் கீழ் இருந்தவர்கள் பின்னர் இறக்கும் ஆபத்து, 100-க்கு மேல் இருந்தவர்களைவிட 5.3 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். மாறுபாடு குறைந்த இதயம்தான் ஆபத்தில் இருந்தது.

பிரசவ வார்டில் வயிற்றில் பெல்ட் கட்டி எடுக்கும் சி.டி.ஜி. பதிவைப் பார்த்திருப்பீர்கள். அதில் மருத்துவர்கள் குழந்தையின் இதயத்துடிப்பு எத்தனை என்று மட்டும் பார்ப்பதில்லை. அந்தக் கோடு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்றும் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 5 முதல் 25 துடிப்பு வரை ஏற்ற இறக்கம் இருந்தால் இயல்பு. கோடு நீண்ட நேரம் தட்டையாகப் போனால் கவனிப்பார்கள். குழந்தை தூங்குவதாலும் அப்படி ஆகலாம், சிரமத்தில் இருப்பதாலும் ஆகலாம். மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

ஆக, நடையில் மாறுபாடு கூடினால் கவலை. இதயத்தில் குறைந்தால் கவலை. இது முரண்பாடு இல்லை. சுத்தியல் உதாரணத்தை நினைத்துப் பாருங்கள். எட்டுக்கு எட்டு ஆகும் நேரம் என்பது சுத்தியல் முனை மாதிரி. அது நிலையாக இருக்க வேண்டிய முடிவு. இதயத்துடிப்பின் இடைவெளி என்பது மூட்டு மாதிரி. ரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் நிலையாக வைக்க அது மாறித்தான் ஆக வேண்டும்.

அந்த 'சராசரி மனிதர்' எங்கே இருக்கிறார்?

இதுவரை பார்த்தது ஒரே ஆளுக்குள் நடக்கும் மாறுபாடு. அடுத்தது ஆளுக்கு ஆள் வரும் மாறுபாடு. இதைக் கவனிக்காமல் விட்டால் பொருட்கள், விதிகள், மருந்துகள் எல்லாமே தப்பாகப் போகும்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்துக்கொண்டார். உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் என்று 10 அளவுகள். ஒவ்வொன்றிலும் நடுவில் இருக்கும் 30 சதவீதத்தினரை 'சராசரி' என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டார். பத்திலும் சராசரியாக இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. மூன்றே அளவுகளை எடுத்தாலும் 3.5 சதவீதத்துக்கும் குறைவானவர்கள்தான் தேறினார்கள். சராசரி விமானிக்கென்று வடிவமைத்த காக்பிட், நிஜத்தில் யாருக்காகவும் வடிவமைக்கப்படவில்லை. இருக்கையும் பெடலும் முன்னே பின்னே நகரும்படி செய்ய வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். இன்று நம் கார் சீட்டுக்குக் கீழே இருக்கும் லீவரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இந்தியாவில் இதற்கு இணையான கதை ஜெய்ப்பூர் கால். 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூர் எஸ்.எம்.எஸ். மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. அப்போது கிடைத்த மேற்கத்திய செயற்கைப் பாதம், ஷூ போட்டு, சமதளத்தில் நடந்து, நாற்காலியில் உட்காரும் ஆளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. நம் ஊரில் அதே ஆள் வரப்பில் வெறுங்காலோடு நடப்பார், குத்துக்காலிட்டு உட்காருவார், சம்மணம் போட்டுச் சாப்பிடுவார். ரப்பரால் ஆன ஜெய்ப்பூர் பாதம் பல திசைகளிலும் வளையும். மேடு பள்ளத்துக்கு ஏற்ப பக்கவாட்டில் சாயும். 1981-ல் திருச்சி அருகே நடந்த சாலை விபத்துக்குப் பிறகு காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், இந்தக் காலோடுதான் 1984-ல் மீண்டும் மேடையேறினார். பி.கே. சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது.

மூன்றாவது கதை கிரிக்கெட் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. 1995 பாக்ஸிங் டே டெஸ்ட்டில் கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரனின் பந்துவீச்சுக்கு நடுவர் டேரல் ஹேர் நோ-பால் கொடுத்தார். முரளிக்குப் பிறவியிலேயே முழங்கையை முழுதாக நீட்ட முடியாது. பந்து வீசும்போது முழங்கை நீள்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்த காலம் அது. 'சரியான' கை நீளவே நீளாது என்பது விதியின் அனுமானம்.

பிறகு கேமராக்கள் வந்தன. 2004 சாம்பியன்ஸ் டிராபியில் பந்துவீச்சாளர்களை அளந்து பார்த்தபோது 99 சதவீதம் பேரின் முழங்கை ஏதோ ஓர் அளவு நீண்டது தெரியவந்தது. விதி சொன்ன கை, மைதானத்தில் கிட்டத்தட்ட யாரிடமும் இல்லை. அதற்கு முன்பு சுழற்பந்துக்கு 5 டிகிரி, மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10 என்று இருந்த வரம்பு மாறி, 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 டிகிரி என்று ஐ.சி.சி. வகுத்தது. இந்த வரம்பு சரியா, தவறா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒரு விஷயம் மாறிவிட்டது. ஓர் ஆளைச் சந்தேகிப்பதற்கு முன், எல்லோரும் எப்படி வீசுகிறார்கள் என்று அளந்து பார்க்க வேண்டும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. பந்துவீச்சைச் சோதிக்கும் ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் சென்னை போரூரின் ஸ்ரீ ராமச்சந்திராவும் ஒன்று. அங்கேயும் ஒரு பந்தை அளந்து தீர்ப்புச் சொல்வதில்லை. ஒவ்வொரு வகைப் பந்தையும் பல முறை வீசச் சொல்லித்தான் அளப்பார்கள்.

ஆய்வகத்துக்குள் மாறுபாட்டைப் பூட்ட முடியுமா?

பொன்முடிக்குப் போகும் வழியில், மலையடிவாரமான விதுராவில் இருக்கிறது ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் திருவனந்தபுரம் வளாகம். அங்கே மட்டுமல்ல, எந்த ஊர் ஆய்வகத்திலும் புதிதாகச் சேரும் மாணவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று: ஒரு முறை அளந்தது அளவே இல்லை, திரும்ப அள.

அந்த மலைக்காடுகளிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2005-ல் எஸ்.டி. பிஜு, ஃபிராங்கி போசுயிட் ஆகியோர் பொன்முடியின் பெயரையே வைத்து ஒரு புதர்த் தவளை இனத்தை விவரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளைகளில் ஒரே இனத்துக்குள்ளேயே நிறமும் கோலமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஒரு தவளையைப் பிடித்து வைத்துக்கொண்டு 'இந்த இனம் இப்படித்தான் இருக்கும்' என்று சொன்னால் மாட்டிக்கொள்வோம். அதனால்தான் உடல் அமைப்போடு சேர்த்து, கத்தும் ஒலியையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிடுகிறார்கள்.

சரி, காட்டில் மாறுபாட்டைத் தவிர்க்க முடியாது. ஆய்வகத்தில்? எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துவிட்டால் துல்லியமான பதில் வந்துவிடாதா?

1999-ல் 'சயின்ஸ்' இதழில் ஜான் கிராப் குழுவினர் வெளியிட்ட சோதனை இதற்குப் புகழ்பெற்ற பதில். அமெரிக்காவின் போர்ட்லாந்து, ஆல்பனி, கனடாவின் எட்மன்டன் ஆகிய மூன்று ஊர்களில் மூன்று ஆய்வகங்கள். ஒரே மரபணு வகை எலிகள், ஒரே வயது, ஒரே மாதிரி கருவிகள், ஒரே மாதிரி பராமரிப்பு, ஒரே நேரத்தில் தொடக்கம். முடிந்தவரை எல்லாவற்றையும் சமமாக்கினார்கள். இருந்தும் சில நடத்தைச் சோதனைகளில் மூன்று ஊர்களிலும் மூன்று விதமான முடிவுகள் வந்தன.

நிபந்தனைகளை எவ்வளவு இறுக்குகிறோமோ, அவ்வளவுக்கு அந்த முடிவு அந்த அறைக்கு மட்டுமே உரியதாக ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. சில ஆய்வாளர்கள் இப்போது இதைத் தலைகீழாக யோசிக்கிறார்கள். 2018-ல் பெர்ன்ஹார்ட் ஃபோல்கல், ஹன்னோ வூர்பெல் குழுவினர் வெளியிட்ட பகுப்பாய்வில், ஒரே ஆய்வகத்தில் செய்யும் சோதனையை விட, அதே எண்ணிக்கை விலங்குகளைச் சில ஆய்வகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துச் செய்யும் சோதனையின் முடிவு நம்பகமாக இருக்கும் என்று காட்டினார்கள். மாறுபாட்டை ஒளிக்காமல் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவருவது என்பதுதான் இதன் சாரம்.

இந்த யோசனைக்கு இந்தியாவில் பழைய முன்னோடி உண்டு. 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி.சி. மஹலநோபிஸ், வங்காளத்தில் சணல் சாகுபடிக் கணக்கெடுப்பு நடத்தியபோது ஒரு பிரச்சினையைச் சந்தித்தார். வயலில் இறங்கி எண்ணுபவர் ஆளுக்கு ஆள் வேறுபடுவார். அந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே பகுதியை இரண்டு தனித்தனி மாதிரிகளாகப் பிரித்து, இரண்டு தனிக் குழுக்களிடம் கொடுத்தார். இரண்டு விடைகளும் எவ்வளவு விலகுகின்றனவோ, அதுவே கணக்கெடுப்பின் நம்பகத்தன்மைக்கு ஓர் அளவுகோல். 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலும் இந்த முறை கைக்கொள்ளப்பட்டது. இரு குழுக்களும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தவில்லை. அப்படிக் கட்டாயப்படுத்தியிருந்தால் பிழை காணாமல் போயிருக்காது. நம் கண்ணிலிருந்து மட்டும்தான் மறைந்திருக்கும்.

விட்டுப்போனவர்கள் யார்?

மாறுபாட்டைத் தொல்லையாகப் பார்த்ததற்கு நிஜமான விலை உண்டு. பல ஆண்டுகளாக மருத்துவ ஆய்வகங்களில் ஆண் எலிகளையே அதிகம் பயன்படுத்தினார்கள். பெண் எலிகளின் ஹார்மோன் சுழற்சியால் டேட்டா அதிகம் மாறும், சிக்கல் என்பது சொல்லப்பட்ட காரணம். 2014-ல் பிரென்டர்காஸ்ட், ஒனிஷி, ஜக்கர் ஆகியோர் 293 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெண் எலிகளின் டேட்டா ஆண் எலிகளுடையதை விட அதிகம் மாறவில்லை. அந்தக் காரணத்துக்கு ஆதாரமே இல்லை.

மனிதர்களிடம் இது எப்படித் தெரியும்? சோல்பிடெம் என்ற தூக்க மருந்து அமெரிக்காவில் 1992-ல் அனுமதி பெற்றது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது. காலையில் வண்டி ஓட்டும் நேரத்திலும் ரத்தத்தில் மிச்சம் இருக்கிறது என்பதால், 2013-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான வழக்கமான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. நடுவில் 21 வருடங்கள்.

உளவியலிலும் இதே கதைதான். ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், ஆரா நோரன்சயான் ஆகியோர் 2010-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டியது. முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். "மனிதர்கள் இப்படித்தான் முடிவெடுப்பார்கள்" என்று நாம் ரீல்ஸில் கேட்கும் பல விஷயங்கள் இந்த டேட்டாவிலிருந்து வந்தவை. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ யாரும் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

டெஸ்க்கில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும், வாரக்கடைசியில் ஓடுபவருக்கும், ஊரில் வயதான அம்மா அப்பா இருப்பவருக்கும் இதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

ஸ்மார்ட்வாட்ச் எண்ணை நண்பரோடு ஒப்பிடாதீர்கள். இதயத்துடிப்பு மாறுபாடு வயது, உடற்தகுதி, தூக்கம் என்று பலவற்றால் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறும். அவருக்கு 80, எனக்கு 40 என்பதில் அர்த்தம் குறைவு. உங்களுடைய பல வாரப் போக்கோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டு. கருவிக்குக் கருவி வித்தியாசம் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே ஒரு அளவை நம்பிப் பதறாதீர்கள். ரத்த அழுத்தம் ஒரு முறை அதிகம் காட்டினால் மருத்துவர் திரும்ப அளப்பதும், வேறொரு நாள் வரச் சொல்வதும் இதனால்தான். மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு, பதற்றம், பேசிக்கொண்டே அளப்பது எல்லாமே எண்ணை மாற்றும்.

பயிற்சியைக் கொஞ்சம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். 1978-ல் ராபர்ட் கெர், பெர்னார்ட் பூத் ஆகியோர் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு சிறு மூட்டையை 3 அடி தூர இலக்கில் மட்டும் எறிந்து பழகியது. இன்னொரு குழு 2 அடி, 4 அடி தூரங்களில் பழகியது. 3 அடியில் எறியவே இல்லை. கடைசியில் 3 அடியில் தேர்வு வைத்தபோது ஜெயித்தது இரண்டாவது குழு. எல்லாத் திறமைக்கும், எல்லா வயதுக்கும் இதே அளவு பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே டிரெட்மில், ஒரே வேகம், ஒரே நேரம் என்று பழகிய கால், மேடு பள்ளமான பாதையில் ஏன் திணறுகிறது என்பது இதிலிருந்து புரியும்.

பெற்றோரின் நடையைக் கவனியுங்கள். மெதுவாக நடக்கிறார்களா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். எட்டுகள் சீராக விழுகின்றனவா? பேசிக்கொண்டே நடக்கும்போது தடுமாறுகிறார்களா? சமீபத்தில்தான் இப்படியா? விழுந்த பிறகு எலும்பு மருத்துவரைப் பார்ப்பதை விட, இந்த மாற்றம் தெரியும்போதே ஒரு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ சொல்வது நல்லது. கண்ணால் பார்ப்பது பரிசோதனைக்கு மாற்று அல்ல, ஆனால் பரிசோதனைக்குப் போக அது போதும்.

"ஆய்வில் கண்டுபிடிப்பு" செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. எத்தனை பேரிடம், எத்தனை முறை அளந்தார்கள்?
2. அவர்கள் யார்? உங்களைப் போன்றவர்கள் அதில் இருந்தார்களா?
3. சராசரியோடு பரவலையும் சொன்னார்களா? 'சராசரியாக 2 கிலோ குறைந்தது' என்றால், எல்லோருக்கும் 2 கிலோவா, அல்லது பாதிப் பேருக்கு 6 குறைந்து மீதிப் பேருக்கு 2 கூடியதா?
4. வேறோர் இடத்தில், வேறு குழு செய்து பார்த்ததா?

மூன்றாவது கேள்விக்குப் பல செய்திகளில் பதில் இருக்காது. தலைப்பில் ஒரு எண்ணுக்குத்தான் இடம் இருக்கும், அது பெரும்பாலும் சராசரியாக இருக்கும். டேட்டாவோடு தினமும் வேலை பார்க்கும் எங்களுக்கும் இது தெரியும். அதனால் தலைப்பைத் தாண்டி உள்ளே போய், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'எவ்வளவு முதல் எவ்வளவு வரை' என்று எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எழுதியிருந்தால், நீங்கள் அந்த வரம்புக்குள் எந்தப் பக்கம் இருக்கக்கூடும் என்பதே உங்களுக்கான அடுத்த கேள்வி. எழுதவில்லை என்றால், அந்தச் செய்தியை வைத்து மருந்தையோ சாப்பாட்டையோ பயிற்சியையோ மாற்றுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.